முன்சக்கரத்து டீசல்

ராஜபாளையத்தில் வண்டி கழுவுகிற கடைக்கா பஞ்சம்? பஞ்சுமார்க்கெட்டைத் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஏறினாலே கூப்பிடு தூரத்துக்கு ஒரு வாட்டர் சர்வீஸ் இருக்கிறது. நாலு பக்கமும் தண்ணீரைப் பீச்சி, நுரையை அப்பி, துணியால் ஒரு இழுப்பு இழுத்து அனுப்பிவிடுவார்கள். பெட்ரோல் டேங்க் பளபளவென்று இருக்கும். குனிந்து சக்கரத்தைப் பார்த்தால்தான் அவர்கள் வண்டவாளம் தெரியும். செயினிலிருந்து தெறித்த கிரீஸும், புது ரோட்டுத் தாரும், செம்மண்ணும் சேர்ந்து கல்லாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுக்க எந்தக் கம்ப்ரசராலும் ஆகாது. ஆள் உட்கார வேண்டும்.

வேல்சாமி உட்காருவான். முக்காலியைப் போட்டுச் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் முக்கால் மணி நேரத்துக்கு யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. சைக்கிள் கம்பியைத் தட்டையாக்கித் தீட்டிய சுரண்டி ஒன்று, பழைய பல் பிரஷ் நாலு, தேங்காய் நார், சோப்புத்தூள் கரைசல், ஒரு டப்பாவில் டீசல். சாமான் அவ்வளவுதான். மற்ற கடைக்காரர்கள் சீக்கிரம் முடியுமென்று ஆசிட்டைத் தொட்டுத் தேய்ப்பார்கள். மூன்றாம் மாதம் சக்கரம் திட்டுத்திட்டாக வெளுத்துப் போகும். வேல்சாமி ஆசிட் பாட்டிலைக் கடை வாசலில்கூட விட்டதில்லை. வண்டியின் மேல்பாகத்தை அவன் மனைவி ஆவுடையம்மாள் கழுவுவாள். சக்கரம் மட்டும் அவன் கைக்குத்தான்.

டீசல் விஷயத்தில் அவனுக்கு ஒரு கட்டுத்திட்டம் உண்டு. டீசல் எந்தக் கிரீஸையும் கரைத்துவிடும், ஆனால் கரைத்த இடத்தில் தானும் ஒரு பசையாக ஒட்டிக்கொள்ளும். முன்சக்கரத்தில் டிஸ்க் என்கிற பிரேக் தட்டு இருக்கிறது. அதில் எண்ணெய்ப்பசை பட்டால் பிரேக் பிடிக்காது, வழுக்கும். அதனால் தட்டைச் சுற்றி ஈரத்துணியை இறுக்கிக் கட்டிய பிறகுதான் டீசல் டப்பாவைத் திறப்பான். இது அவனுக்குத் தெரியாத விஷயமல்ல. பதினாறு வருஷமாகத் தெரியும். தெரியாது என்று சொல்ல முடிந்திருந்தால் அவன் பாடு கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கு முந்தின நாள் வீரணன் தன் மகனுடைய வண்டியைக் கொண்டுவந்தார். வீரணன் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். காக்கியைக் கழற்றி ஆறு வருஷம் ஆகியும் ஊருக்கு அவர் ஏட்டையாதான். ஒரே மகன் பாண்டிச்செல்வம் பட்டாளத்தில் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கல்யாணத்தின்போது, பெண்ணின் அண்ணன்மார் வன்னியம்பட்டியிலிருந்து சீராகக் கொண்டுவந்து நிறுத்திய வண்டி அது. மகன் பதினோரு மாதமாக அஸ்ஸாமில் கிடந்தான். வண்டி வீட்டு வாசலில் தார்ப்பாயின் அடியில் கிடந்தது.

"ஏலே வேலு, பய சாயங்காலம் ரெயிலுக்கு வாரான். நாளைக்குக் காலையில பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வன்னியம்பட்டி போயி, அப்படியே தேரு பாக்கப் போறான். சக்கரத்தைப் பாரு, துருவேறிக் கெடக்கு. அவ அண்ணன்மாரு பாத்தா, நாம குடுத்த வண்டியை எப்படி வச்சிருக்கான் பாருன்னு பேசுவானுக."

"நாலு மணிக்கு வாங்க ஏட்டையா. புதுசாக்கி வச்சிருதேன்."

அன்றைக்குக் கடையில் பதினான்கு வண்டி நின்றது. ஆளாளுக்குத் தேருக்குப் போகிற அவசரம். வேல்சாமி மதியச் சோற்றைக்கூட நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டான். வீரணன் வண்டியின் முன்சக்கரத்தில் அழுக்கு ஒரு பக்கம், பிரேக் தட்டில் செங்காவி நிறத்தில் துரு ஒரு பக்கம். துணி கட்டினால் அழுக்குப் போகும், துரு போகாது. துரு போக வேண்டுமென்றால் டீசல் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். தேய்த்தான். கடைசியில் சோப்புத்தூள் போட்டு இரண்டு தரம் அலசிவிடலாம் என்பது அவன் கணக்கு. தட்டு கண்ணாடி மாதிரி வந்தது. அவனுக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு பின்சக்கரத்துக்குப் போனான். பின்சக்கரம் முடிவதற்குள் ஏட்டையா மூன்றரைக்கே வந்து நின்றுவிட்டார்.

"ரெயிலு சீக்கிரம் வருதாம்டா. எடு, எடு."

எடுத்துக் கொடுத்துவிட்டான். அலசவில்லை.

சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ஆவுடையம்மாள் உலை வைக்க வீட்டுக்குப் போய்விட்டாள். வேல்சாமி ஒரு புல்லட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வீரணனிடமிருந்து போன் வந்தது.

"ஏலே, முன்பிரேக்கு மெத்து மெத்துன்னு இருக்கேடா. பயலையும் பெட்டியையும் ஆட்டோவுல அனுப்பிட்டுத் தனியா வந்தேன். ரெயில்வே கேட்டுகிட்டப் பிடிச்சேன், வழுக்கிட்டுப் போகுது. காலை ஊணித்தான் நிறுத்துனேன்."

அந்த நிமிஷத்தில் வேல்சாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வண்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லை, அவனே ஒரு வாளியும் சோப்புத்தூளுமாக அவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. ஆனால் முன்னால் இன்னும் மூன்று வண்டி நின்றது, கையெல்லாம் நுரை, போன் காதுக்கும் தோளுக்கும் இடையில் வழுக்கியது.

"டீசல் பட்டிருக்கும் ஏட்டையா. ரெண்டு நாளு ஓடுனா தானா எரிஞ்சு போயிரும். ஒண்ணும் பயமில்ல."

"அப்பிடியா? சரி, சரி. வைக்கேன்."

அந்த இரண்டு நாள் வண்டிக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, வன்னியம்பட்டிக்குத் திரும்புகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், தென்னந்தோப்புக்குள்ளிருந்து ஒரு டிராக்டர் டிரைலரோடு ரோட்டில் ஏறியது. பாண்டிச்செல்வம் தூரத்திலேயே பார்த்துவிட்டான். வழியில் அதுவரை தேவைப்படாத முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். வண்டி நிற்கவில்லை. முன்சக்கரம் டிரைலரின் பக்கவாட்டில் இடித்து அவன் ஒரு பக்கம் விழுந்தான், பின்னால் உட்கார்ந்திருந்த அவன் மனைவி மாரிச்செல்வி ஒரு பக்கம் விழுந்தாள். அவனுக்கு இடது தோள் எலும்பு உடைந்தது. அவளுக்குத் தலையில் அடி. ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்கு முன்பே உயிர் போய்விட்டது. இருபத்துநாலு வயசு. தேர் பார்ப்பதற்காகத் தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

பதினோரு மணிக்குக் கடைக்கு வந்த ஆள் ஒருவன் சொல்லித்தான் வேல்சாமிக்குத் தெரிந்தது. அவன் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தான். பிறகு எடுத்தான். மறுபடியும் கீழே வைத்தான். சாயங்காலம் துக்க வீட்டுக்குப் போனவன் தெருமுனையைத் தாண்டவில்லை. பந்தலுக்குள் உட்கார்ந்திருந்த வீரணன் அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேல்சாமி வீட்டுக்கு வந்து ஆவுடையம்மாளிடம் ஒன்றுவிடாமல் சொன்னான்.

அவள் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு, "வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள்.

"ஏட்டையாவுக்குத் தெரியும்."

"அவிய சொன்னாவளா?"

"இல்ல."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இருங்க. செத்தவ திரும்பி வரப்போறதில்ல. கடை போச்சுன்னா நம்ம பிள்ளைகளுக்கு எவன் சோறு போடுவான்?"

வாயை மூடிக்கொண்டான். அதற்கு ஒரு சௌகரியமும் அமைந்தது. வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி முன்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்தாராம், சக்கரம் நின்றதாம். கையால் சுற்றுகிற வேகத்துக்கு டீசல் பட்ட தட்டுகூட நிற்கத்தான் செய்யும். வண்டியில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சரி, அதோடு முடிந்தது என்று வேல்சாமி மனசைத் தேற்றிக்கொண்டான். ஏட்டையா மகன் மேல் ஒரு கேஸ் இருந்தாலும் விபத்துக் கேஸ்தானே, அபராதத்தோடு போய்விடும் என்று நினைத்தான். நினைப்பதற்குக் காசா பணமா?

பதிமூன்றாம் நாள் காலையில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி கடை வாசலில் வந்து நின்றது. அதன் மேல் அந்த மோட்டார் சைக்கிள் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் வீரணன் உட்கார்ந்திருந்தார். பதிமூன்று நாளில் பத்து வயசு கூடிப்போன மாதிரி இருந்தார். கையில் ஒரு மஞ்சள் பை.

"ஸ்டேஷன்ல இருந்து விட்டுட்டான். உசிரு போன வண்டியைக் கழுவாம வாசல்ல ஏத்தக்கூடாது. கழுவு."

அது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு சாவைப் பார்த்த வண்டி அப்படியே வீட்டு வாசலுக்கு வரக்கூடாது. கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் ஏற்றுவார்கள். இது போன்ற வண்டிகளை வேல்சாமி முன்பும் கழுவியிருக்கிறான். அவை எதுவும் அவன் கையால் கெட்ட வண்டியல்ல.

ஆவுடையம்மாள் பின்சக்கரத்தில் தண்ணீரை விட்டவள் சட்டென்று குழாயை மூடினாள். பின் அச்சைச் சுற்றி ஏதோ பச்சையாக இறுகியிருந்தது. குனிந்து பிரித்தாள். சேலைக் கரையின் நூல், ஜரிகையோடு. முழ நீளத்துக்கு மேல் வந்தது. அதைச் சுருட்டி என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வீரணன் வாங்கி மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வேல்சாமி முன்சக்கரத்துக்கு முன்னால் முக்காலியைப் போட்டான். விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ஆனால் சுற்றியது. பிரேக் தட்டின் மேல் தேன் நிறத்தில் ஒரு படலம், அதன் மேல் ரோட்டுத் தூசி அப்பிக் கிடந்தது. விரலை வைத்தான். வழவழவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

முதுகுக்குப் பின்னால் வீரணன் நின்றார்.

"அந்தத் தட்டை நல்லாத் தேய்யி வேலு."

வேல்சாமி நிமிர்ந்து பார்த்தான். வீரணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஸ்டேஷன்ல அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டேன். முந்தின நாளு நான்தான் ஓட்டுனேன், வண்டி நல்ல கண்டிஷன்னு. பிரேக்கு சரியில்லைன்னு சொன்னா இன்சூரன்சுக்காரன் கையை விரிச்சிருவான். பொறவு, தெரிஞ்சும் எதுக்குய்யா மகன்கிட்டக் குடுத்தேன்னு என்னைக் கேப்பான். முப்பது வருஷம் எத்தன பேருகிட்ட எழுதி வாங்கிருக்கேன். எழுதுனது எழுதுனதுதான்."

அந்தப் போனைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. வேல்சாமி வேலையை ஆரம்பித்தான். சோப்புத்தூளைக் கெட்டியாகக் கரைத்துத் தேய்த்தான். அலசினான். மறுபடி தேய்த்தான். இரண்டு போல்ட்டைக் கழற்றிப் பிரேக் கட்டைகளை வெளியே எடுத்தான். அவற்றில் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. உப்புத்தாளில் வைத்துத் தேய்த்துப் புதுப் பரப்பு வருகிறவரை எடுத்தான். ஸ்டவ்வில் காட்டிச் சூடாக்கினான், புகைந்து ஊறல் எல்லாம் வெளியேறியது. திரும்பப் பூட்டினான். அன்றைக்கு அவன் செய்திருக்க வேண்டிய பத்து நிமிஷ வேலையை இன்றைக்கு ஒன்றரை மணி நேரம் செய்தான். அவன் தொழிலிலேயே அத்தனை சுத்தமாக ஒரு சக்கரத்தைக் கழுவியதில்லை. வெட்கக்கேடு.

வீரணன் மஞ்சள் தண்ணீரைத் தெளித்து முடித்தபோது ஒரு ஆட்டோ வந்து நின்றது. பாண்டிச்செல்வம் இறங்கினான். இடது கையைத் தூளியில் போட்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. சொட்டச் சொட்ட நிற்கிற வண்டியைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"யப்பா, வண்டியை யாரும் தொட வேணாம்னு உங்ககிட்டச் சொன்னேன்ல?"

"சாவு வண்டியைக் கழுவாம எப்பிடிடா வாசல்ல ஏத்தறது?"

"வக்கீலு மெக்கானிக்கை அனுப்புதேன்னு சொன்னாரு. வண்டியைப் பிரிச்சுப் பாத்து எழுதித் தாரேன்னு சொன்னாரு. அதுக்குள்ள கழுவிட்டீங்களே." அவன் வேல்சாமியைப் பார்த்தான். "அண்ணே, அவ அண்ணன்மாரு புதுசா ஒரு மனு குடுத்திருக்காங்க. நான் வேணும்னே கொண்டுபோயி மோதுனேனாம். பிள்ளை இல்லைன்னு நான் அவளை வெறுத்துட்டேனாம். பிரேக்கு பிடிச்சேன், நிக்கலன்னு சொன்னேன். எவனும் நம்பல. வண்டியில கோளாறில்லைன்னு ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டுறாங்க."

வேல்சாமியின் கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இதெல்லாம் அவனுக்குத் தெரியாது. விபத்துக் கேஸ் என்றுதான் நினைத்திருந்தான்.

"வேலை போனாக்கூடப் போகட்டும்ணே. ஆனா எனக்குத் தெரியணும். நான் பிரேக்கைப் பிடிச்சேனா, இல்ல பிடிச்ச மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்கேனா? கண்ணை மூடுனா அந்த இடம்தான் வருது. பிடிச்ச மாதிரித்தான் இருக்கு. ஆனா நிக்கல. பிடிச்சிருந்தா நின்னிருக்கணும்ல?"

பாண்டிச்செல்வம் குட்டியானை டிரைவரைக் கூப்பிட்டு வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னான். சக்கரத்தைக் காலால் ஓங்கி உதைத்துச் சுழற்றிவிட்டான். வலது கையால் பிரேக்கைப் பிடித்தான். சக்கரம் டக்கென்று நின்றது. மறுபடி உதைத்தான், இன்னும் வேகமாக. டக்கென்று நின்றது. ஐந்தாறு தரம் அப்படிச் செய்தான். ஒவ்வொரு தரமும் அது சொன்னபடி கேட்டது. அவன் முகத்தைப் பார்க்க வேல்சாமியால் முடியவில்லை.

"நிறுத்துய்யா" என்றான் வேல்சாமி. "உன் மேல தப்பில்ல. நான் டீசல் போட்டுத் தேச்சேன். துரு எடுக்கப் பிரேக் தட்டுல டீசல் போட்டுத் தேச்சேன். அலசாமக் குடுத்துட்டேன். அதான் பிடிக்கல. இப்பத்தான் எல்லாத்தையும் கழுவி எடுத்தேன். அன்னைக்குச் சாயங்காலமே பிரேக்கு வழுக்குதுன்னு ஏட்டையா போன் பண்ணாவ. ரெண்டு நாளுல சரியாயிரும்னு சொன்னவன் நான்தான். கேட்டுப் பாரு."

சொல்லி முடித்ததும் பதிமூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் புரண்டது போல இருந்தது. பாண்டிச்செல்வம் மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினான்.

"போன் பண்ணீங்களாப்பா?"

வீரணன் மகனை நேராகப் பார்த்தார். கூண்டில் ஏறி நூறு தரம் சாட்சி சொன்ன மனிதர் அவர்.

"பண்ணேன். ஆர்.சி. புக்கு இவன் கடையில விழுந்துச்சான்னு கேக்கப் பண்ணேன்."

"பிரேக்கு?"

"நல்லாத்தான் பிடிச்சுது."

வேல்சாமி ஒரு அடி முன்னால் வந்தான். "ஏட்டையா" என்றான். ஆவுடையம்மாள் அதற்குள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் வந்து நின்றாள்.

"தம்பி, இவரு எப்பவும் இப்படித்தான். அடுத்தவுக துக்கத்தைத் தூக்கித் தன் தலையில போட்டுக்குவாரு. பதினாறு வருஷமா சக்கரம் கழுவுதாரு, பிரேக் தட்டுல டீசல் படவிடுவாரா? ஊருல யாரை வேணும்னாலும் கேளுங்க. உங்களைப் பாக்க மனசு பொறுக்கல, அதான் என்னத்தையோ சொல்லுதாரு."

ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். அதுதான் கொடுமை. பதினாறு வருஷம் சேர்த்த நல்ல பேர் குறுக்கே வந்து நின்றுவிட்டது.

பாண்டிச்செல்வம் தலையை ஆட்டினான். அப்பா பொய் சொல்லி அவன் பார்த்ததில்லை. வேல்சாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காகச் சொல்லுதீங்கன்னு தெரியுதுண்ணே" என்றான். பிறகு யாரிடமும் இல்லாமல், "அப்ப நான்தான் பிடிக்கல" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டான்.

ஆட்டோ போன பிறகு வீரணன் அங்கேயே நின்றார். "எனக்கு இருக்கது இவன் ஒருத்தன்தான் வேலு. தெரிஞ்சும் சாவியைக் கையில குடுத்தது அப்பன்னு தெரிஞ்சா, என் மூஞ்சியில முழிப்பானா?" என்று கேட்டார். கெஞ்சுகிற குரலில்தான் கேட்டார். வேல்சாமிக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. அதே நேரம், அவர் இடத்தில் தான் இருந்தால் வேறு என்ன சொல்லியிருப்போம் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையும் அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

வேல்சாமி சும்மா இருந்துவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆவுடையம்மாளிடம் சொல்லாமல் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அந்த வக்கீலைப் பார்த்தான். வக்கீல் பொறுமையாகக் கேட்டார். டீசல் பட்டதற்கு ஏதாவது அத்தாட்சி இருக்கிறதா என்றார். நான்தான் கழுவிவிட்டேனே என்றான். வேறு யாராவது அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தார்களா என்றார். ஏட்டையா ஓட்டினார் என்றான். வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டி வீரணன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து வாசித்துக் காட்டினார். "நீங்க அவங்க வாடிக்கைக் கடைக்காரர். அப்பாவே நல்ல கண்டிஷன்னு சொல்லியிருக்கும்போது, உங்களைக் கூண்டுல ஏத்தினா எதிர்த்தரப்பு சிரிக்கும்" என்றார். வேல்சாமி படியிறங்கி வந்துவிட்டான்.

வேண்டுமென்றே மோதினான் என்ற மனு நிற்கவில்லை. அஜாக்கிரதையாக ஓட்டி உயிர்ச்சேதம் விளைவித்த கேஸ் மட்டும் நடந்தது. மாசியில் ஒரு வாய்தா. வேல்சாமி அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு, நீதிமன்ற வளாகத்தில் ஆட்களோடு ஆளாக நின்றான். பாண்டிச்செல்வத்தின் தாடி இப்போது நெஞ்சு வரைக்கும் இருந்தது. வாதாடினால் ஜெயிக்க வழி இருக்கிறது, அவசரப்படாதே என்று வக்கீல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். அவன் கேட்கவில்லை. கூப்பிட்டதும் உள்ளே போனான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டதற்கு, ஒப்புக்கொள்கிறேன், நான் பிரேக் பிடிக்கவில்லை என்றான். எட்டு மாதத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. பட்டாளத்து வேலை இனி இல்லை. அதைக் கேட்டும் அவன் கண் கலங்கவில்லை. அதுவரை தூங்காமல் இருந்த ஆளுக்கு ஒருவழியாகப் படுக்க இடம் கிடைத்தது போலத்தான் வெளியே வந்தான்.

போலீஸ் வேனில் ஏற்றுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வேப்பமர நிழலில் உட்கார விட்டார்கள். வேல்சாமி பக்கத்தில் போனான்.

"தம்பி, சத்தியமாச் சொல்லுதேன். நான்தான்யா டீசல் போட்டேன். நீ பிடிச்சே. நீ பிரேக்கைப் பிடிச்சே."

சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாண்டிச்செல்வம் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தான்.

"இதையே நினைச்சு மனசைக் கெடுத்துக்கிடாதீங்கண்ணே" என்றான். "உங்களை மாதிரி ஒரு ஆளு இருக்கதே எனக்குப் போதும். வீட்டுக்குப் போயிச் சாப்பிடுங்க. அப்பாவை மட்டும் அப்பப்பப் பாத்துக்கோங்க. அவிய தனியா இருப்பாவ."

வீரணன் ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மூன்று கிளாஸ் டீ வாங்கிக்கொண்டு வந்தார். முதலில் மகனுக்குக் கொடுத்தார். பிறகு வேல்சாமியிடம் ஒரு கிளாஸை நீட்டினார். வேல்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கிக்கொண்டான்.